அசனத்துக்கு உப்புப் பார்க்கிறவர்

எங்கள் சபையின் பிரதிஷ்டைப் பண்டிகையில் அசனம் உண்டு. சபை மொத்தமும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. மூவாயிரம் பேர் வருவார்கள். பதினான்கு அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும். அத்தனை அண்டாவுக்கும் உப்பு சரி என்று சொல்கிற நாக்கு ஒன்றே ஒன்றுதான், அதுவும் இருபத்திரண்டு வருஷமாக. அந்த நாக்கு என் வீட்டுக்காரர் ஜெபசிங்கினுடையது. குருவானவர்கள் மாறினார்கள், கமிட்டி மாறியது, சமையல் மாஸ்டர்கூட மூன்று பேர் மாறியாயிற்று. நாக்கு மட்டும் மாறவில்லை.

அதை மாற்றியவள் நான். வருத்தமா என்று கேட்டால், துளிகூட இல்லை.

ஏப்ரல் மாதம் ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணி, ஓரமாக டீ ஒழுகிச் சட்டையில் விழுந்தது. "என்னங்க, சிந்துதே" என்றேன். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வந்தார். வார்த்தை குழறி வந்தது. பத்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனதும் மனிதர் சட்டையை மாற்றிக்கொண்டு பேப்பர் வாங்கக் கிளம்புகிறார்! துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் ஓட்டிப் போன வருஷம் ஓய்வு பெற்றவர். தனக்கு ஒன்றும் வராது என்று அவருக்கு அவ்வளவு உறுதி. நான் முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவள். பேச்சை வளர்க்காமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

"மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரம் தடைபட்டிருக்கு, டீச்சர். இந்தத் தடவை தானா சரியாயிட்டு. அடுத்த தடவையும் சரியாகும்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். பிரஷர் நூற்றெண்பத்தைந்து. அதோடு பல வருஷம் மல்லுக்கட்டி இதயச் சுவரும் தடித்துப்போயிருந்தது. மாத்திரை எழுதினார். உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஊறுகாய், அப்பளம் கூடாது. கீரை, பயறு, மீன் நிறையச் சேர்க்கலாம்.

மீன் என்றதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சீலாக் கருவாட்டு டப்பாவைத் திறந்தார்.

"டாக்டரே மீன் சாப்பிடச் சொல்லிட்டாரு, ஏளா."

"அது மீன் இல்ல. உப்பு. நடுவுல கொஞ்சம் மீன் இருக்கு, அவ்வளவுதான்" என்று பிடுங்கிப் பக்கத்து வீட்டு இந்துமதியிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்து வந்தார் நேசக்குமார். சபைக் கமிட்டியின் செயலாளர். மீதி நேரத்தில் சத்து மாத்திரை விற்பார். மீன் எண்ணெய்க்கு ஒரு டப்பா, இதயத்துக்கு ஒரு டப்பா, ஞாபக சக்திக்கு ஒரு டப்பா. "அண்ணாச்சி, இந்த மூணையும் போடுங்க. உப்பு, புளி எதையும் விட வேண்டாம்" என்றார்.

மூன்று டப்பாவையும் பையில் போட்டு டாக்டரிடமே கொண்டுபோனேன். ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருக்கிறோம், ஞாபக சக்தி மாத்திரை அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம் என்றார். மற்ற இரண்டும் இவருக்குத் தேவையில்லை. தின்கிற உப்புக்கு ஈடுகட்டுகிற மாத்திரை எதுவும் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். டப்பாக்களை நேசக்குமார் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு, "கடலைப் பக்கத்துல வச்சிக்கிட்டு மீன் எண்ணெயை டப்பாவுலயா வாங்கணும், தம்பி?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியே போவார்.

முதல் மாதம் வீட்டில் தினமும் சண்டைதான். "சவச்சவன்னு இருக்கு" என்பார். நான் மிளகையும் பூண்டையும் கூட்டினேன், உப்பைக் கூட்டவில்லை. இரண்டாவது மாதம் முணுமுணுப்பு. மூன்றாவது மாதம் என் மத்திமீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, "ஏளா, இன்னைக்கு உப்பு கூடிப்போச்சோ?" என்று கேட்டார். போட்டது அரைத் தேக்கரண்டி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பிரஷர் நூற்று முப்பத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

அசனத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இந்துமதி மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் இவர், "சாம்பாரு ஒரே கரிப்பு" என்றார்.

"எல்லாரும் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாங்களே?"

 வீடு வரைக்கும் நாக்கை மேல் அண்ணத்தில் தேய்த்துக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் பிரஷர் நோட்டில் எண்கள் ஏற ஆரம்பித்தன. நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்தொன்று, நூற்று அறுபத்திநான்கு. மாத்திரையை என் கண் முன்னால்தான் விழுங்குகிறார்.  மறுநாள் அவர் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் தாளில் சுற்றிய வறுத்த கருவாடு, பக்கத்தில் மாங்காய் ஊறுகாய் பாட்டில்.

"என்ன இது?"

"நாக்கைப் பழக்குதேன்" என்றார், நேராக என்னைப் பார்த்து. "அசனத்துக்கு ஒம்பது நாள்தான் இருக்கு. அதுக்குள்ள பழைய நாக்கு வந்தாகணும். முடிஞ்சதும் நீ போடுததைச் சாப்பிடுதேன்."

"இந்த ஒம்பது நாள்ல வாய் மறுபடி கோணிட்டுன்னா? அந்த வேலையை நேசக்குமார்ட்ட கொடுத்துருங்க."

"கிரேனை விட்டாச்சு. இதையும் விடச் சொல்லுதியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது முழுக்கப் பயம். இந்த மனுஷன் எனக்கு வேண்டும், பேச்சோடும் நினைவோடும் வேண்டும். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வீட்டில் உயிரோடு உட்கார்த்தி வைத்துவிட்டு அவருக்கென்று இருந்த ஒன்றையும் பறித்துக்கொண்டால், நான் எதைக் காப்பாற்றியதாக ஆகும்?

மறுநாள் காலையில் ஒரு சட்டி கறிக்குழம்பை உப்பில்லாமல் வைத்து ஐந்து கிண்ணத்தில் பிரித்தேன். தராசில் நிறுத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கூட்டினேன். இந்துமதியையும் அவள் வீட்டுக்காரர் தங்கதுரையையும் கூப்பிட்டுத் தனித்தனியாக ருசி பார்க்கச் சொன்னேன். இரண்டு பேரும் நான்காவது கிண்ணத்தைக் காட்டினார்கள். இவர் காட்டியது இரண்டாவது கிண்ணம்.

"பாத்தியா? நாக்கு போச்சு" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"கண்ணை மூடுங்க" என்றேன். கிண்ணங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஐந்தையும் ஒருமுறைகூடத் தப்பாமல் வரிசை சொன்னார். "எங்க போச்சு? முன்னைவிடக் கூர்மையால்லா இருக்கு! உங்களுக்குச் சரின்னு படுத இடத்துல ஊருக்குச் சப்புன்னு இருக்கு. உங்க முகம் சுளிக்குத இடம்தான் ஊருக்குச் சரியான இடம். அந்தச் சுளிப்பைப் பழகுங்க. போதும்."

கண்ணைத் திறந்து இரண்டாவது கிண்ணத்தையும் நான்காவது கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாக, "மேல கேபின்ல உக்காந்து பாத்தா கொக்கி ஒரு இடத்துல நிக்குத மாதிரி தெரியும். உண்மையில ஒரு முழம் தள்ளி நிக்கும். அந்த ஒரு முழத்தைக் கழிச்சுக்கிட்டுதானே இத்தனை வருஷம் சரக்கை எறக்கினேன்?" என்றார்.

அப்புறம் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கருவாடும் ஊறுகாயும் அவர் கையாலேயே தங்கதுரை வீட்டுக்குப் போயின. எட்டு நாளும் காலையில் ஐந்து கிண்ணம். ஒரு சொட்டு, ஒரு சுளிப்பு, துப்பிவிட்டு வாயைக் கொப்பளிப்பார். அசனத்தன்று காலையில் பிரஷர் நூற்று முப்பத்தாறு.

கோயில் வளாகத்தில் அண்டாக்கள் வரிசையாகக் கொதித்தன. நான் பெண்களோடு உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சமையல் மாஸ்டர் செல்லப்பாண்டி முதல் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி மொண்டு, இவர் இடது உள்ளங்கையில் ஊற்றினார். இவர் நக்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கவில்லை.

"ஒரு செரட்டை உப்பு போடுலே."

தேங்காய்ச் செரட்டையால் அள்ளிப் போட்டுக் கிண்டி மறுபடி ஊற்றினார்கள். இப்போது நெற்றி லேசாகச் சுருங்கியது.

"இன்னும் அரைச் செரட்டை."

பக்கத்தில் நின்ற நேசக்குமார் பதறிவிட்டார். "அண்ணாச்சி, மொகம் சுளிக்கீங்க, இன்னும் போடச் சொல்லுதீங்க! மூவாயிரம் பேரு சாப்பாடு. ஒடம்பு சரியில்லாம இருந்தீங்க. வேணும்னா நான் பாக்கட்டுமா?"

 இவர் அங்கிருந்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை. கத்தரிக்காயைக் குனிந்து நறுக்கினேன்.  இது அவர் வேலை.

"போடுலே" என்றார் உரக்க. அடுத்த சொட்டுக்குக் கண், மூக்கு, நெற்றி எல்லாம் ஒன்றாகச் சுருங்கின. கையை உயர்த்தினார். "போதும். இதே அளவு பதினாலுக்கும்."

முதல் பந்தி எழுந்ததும் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்தார்கள். "உப்புன்னா இது உப்பு, அண்ணாச்சி." நேசக்குமார் மூன்று தடவை குழம்பு வாங்கினார். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாவது பந்தியில் இவர் உட்கார்ந்தார். குழம்பு வாளி வந்தது. கையால் இலையை மறைத்தார். வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பா கொண்டு வந்திருந்தேன். சோறு, மத்திக் குழம்பு, முருங்கைக்கீரை. யார் கண்ணிலும் படாமல் பின்பக்கம் வைத்துக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். மனிதர் பந்தலே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார்.

"ஏளா சுதா! என் டப்பாவை எடுத்துட்டு வா. உங்க ஊர்க் குழம்பு எனக்குக் கரிக்கி!"

பந்தி சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண் நிறைந்துவிட்டது. ஏப்ரலில் என் பெயரைச் சொல்ல முடியாமல் குழறிய வாய் அது. இன்றைக்கு ஒரு எழுத்துக்கூடக் குழறவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு நேராகப் பந்தி நடுவிலேயே நடந்து போனேன்.