வெளியே பூட்டிய வீடுகள்

கோப்ரல் பத்துமலைக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. இருபத்தாறு வருஷப் போலீஸ் உத்தியோகத்தில் தூக்கில் தொங்கியவர்களை இறக்கியிருக்கிறான், ஆற்றில் மிதந்தவர்களைக் கரையேற்றியிருக்கிறான். ஒருவரும் அவன் கனவில் வந்து வம்பு பண்ணியதில்லை. மாரியம்மா ஒருத்திதான் வருகிறாள். அவளும் மிரட்டுவதில்லை. போலீஸ் நிலையத்து பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் மைலோ குவளையோடு உட்கார்ந்து, "இன்னும் எவ்ளோ நேரம் பத்து? வீட்டுல புள்ள தனியா இருக்கு" என்று கேட்கிறாள். அவ்வளவுதான். அதற்கே அவன் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான்.

இருவரும் சுங்காய் ஊருக்கு உள்ளே ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். மரங்களை வெட்டி, எண்ணெய்க்குச் செம்பனை போட்டு முப்பது வருஷமாகிறது; மேட்டு லயத்தில் பதினோரு வீடுகள் மட்டும் மிச்சம். பத்துமலை பிறந்தபோது அவன் அப்பா சைக்கிள் மிதித்துப் போய்ப் பிறப்பைப் பதிந்து சூராட் எடுத்து வந்தார். மாரியம்மாவின் அப்பா, நாளைக்குப் போகலாம் என்றார். அந்த நாளை வரவேயில்லை. அதனால் ஒருவன் போலீஸ்காரன் ஆனான். ஒருத்தி, பிறந்த மண்ணிலேயே ஐசி என்கிற அடையாள அட்டை இல்லாத கள்ளக்குடி ஆனாள். அவள் பெற்ற தினேஸ்வரிக்கும் அதே கதி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மாவின் புருஷன் மாயாண்டியை ஒரு லாரி அடித்துவிட்டு ஓடியது. லாரி நம்பரை அவள் பார்த்திருந்தாள். ஆனால் போலீஸ் பாலாய்க்கு வரப் பயந்தாள். பத்துமலைதான் வீட்டுக்கே போய், "நான் இருக்கேன்லா, வா. நம்பரச் சொல்லிட்டு வந்துரு" என்றான். நம்பி வந்தாள். அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் ஐசி கேட்டார். அன்று பார்த்து ஒரு கூட்டுச் சோதனைக்காக இமிகிரேஷன் வேன் வாசலில் நின்றது. லாரி நம்பரைச் சொல்ல வந்தவளைப் பிடித்தார்கள். லாரியை இன்றுவரை பிடிக்கவில்லை. ஆளை ஒப்படைத்த தாளில் கையெழுத்துப் போட்டவன் பத்துமலை. நான்காம் மாதம் தடுப்பு முகாமில் காய்ச்சல் கண்டு, அவள் பிணமாகத்தான் லயத்துக்குத் திரும்பினாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது. மேட்டு லயத்தார் அதற்குப் பிறகு ஒரு வழக்கம் பிடித்துக்கொண்டார்கள். விடிந்ததும், ஐசி உள்ள காளியம்மா எல்லா வீட்டையும் வெளியே பூட்டிச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வாள். ஐசி இல்லாதவர்கள் உள்ளே இருப்பார்கள். போலீஸ் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் அவள் செம்பனைக்குள் மறைந்துவிடுவாள். பார்ப்பவனுக்கு அது ஆளில்லாத லயம். கோழி திருடு போனாலும் சரி, குடிகாரன் எவனாவது பெண்பிள்ளை கையைப் பிடித்து இழுத்தாலும் சரி, ஒருவரும் வாய் திறப்பதில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புகார்கூட இல்லை என்று இன்ஸ்பெக்டர் கூட்டத்தில் பெருமையடித்துக்கொண்டார். பத்துமலைக்கு அந்த ரகசியம் தெரியும். தெரியாதவன் போல இருந்தான்.

போன மாசி மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு அவன் கைபேசி அடித்தது. தினேஸ்வரியின் புருஷன் ரூபன்.

"மாமா, தினேசுக்கு இடுப்பு வலி எடுத்துருச்சு. ரத்தம் போவுதாம். நான் ஈப்போல மாட்டிக்கிட்டேன், வர ஒன்ற மணி நேரம் ஆவும். ஆஸ்பத்திரியில ஐசி கேப்பாங்க மாமா. நீங்க பேசுனா விட்டுருவாங்கலா." பையன் அழுதுவிட்டான்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பத்துமலை உடுப்பைக் கழற்றவும் தோன்றாமல், ரோந்து மோட்டாரிலேயே ஏறிப் பறந்தான். ஒரு பாவத்தைக் கழுவ இப்படி ஒரு நாள் வராதா என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தவன் வேறு எப்படிப் போவான்?

மேட்டு லயத்தில் பதினோரு கதவுகளிலும் பூட்டுத் தொங்கியது. காற்றில் நெத்திலி சம்பல் வாசனை. ஒரு வீட்டுக் கூரையில் இன்னும் புகை கசிந்தது. ஆனால் ஒரு இருமல் இல்லை, ஒரு பேச்சில்லை. இத்தனை பேர் மூச்சை அடக்கிக்கொண்டு தன்னையே பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்தது.

கடைசி வீட்டுக் கதவைத் தட்டினான். "தினேசு, நான் பத்து மாமா. காளியம்மா எங்க? சாவி எங்க?"

உள்ளிருந்து பல்லைக் கடித்து வலியை விழுங்கும் முனகல் மட்டும் கேட்டது. அவன் ஒரு கல்லைத் தூக்கிப் பூட்டின்மேல் ஓங்கினான்.

"ஒடைக்காதீங்க."

கல் கையிலேயே நின்றது. அது மாரியம்மாவின் குரல். அதே கரகரப்பு, அதே இழுப்பு. மகளுக்குத் தாயின் தொண்டை என்று புத்திக்குத் தெரிந்தது. இருந்தும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. நான் இருக்கேன்லா."

உள்ளே கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம்.

"எங்கம்மாகிட்டயும் அதத்தான் சொன்னீங்க, கோப்ரல்." முன்பெல்லாம் மாமா என்று கூப்பிட்ட பெண். "காளியம்மாக்கா வேன் சொல்லிட்டாங்க. நீங்க நின்னா வேன் உள்ள வராது. அவங்களும் சாவியோட வெளிய வர மாட்டாங்க. நான் இங்கயே செத்துருவேன். உங்களக் கும்புடுறேன், போயிருங்க."

ஒருவரைக் காப்பாற்ற வந்தவனுக்கு இதைவிட ஒரு செருப்படி உண்டா? அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. சாவி அவனுக்குப் பயந்து எங்கோ செம்பனைக்குள் ஒளிந்திருந்தது. அவன் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவள் ரத்தத்தில் கழிந்தது.

கல்லைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். மோட்டாரை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, போகிறேன் என்று காடெல்லாம் கேட்கும்படி கிளம்பினான். முச்சந்தியில் ஒரு வெள்ளை வேன் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதன் ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பத்துமலையும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதன்பிறகு ஒன்றும் தெரியவில்லை. ரூபன் போனை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் அந்த நம்பரே இல்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் யாருமில்லை. சாப்பாட்டுக் கடையில் கேட்டால் எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்று, "தெரியலையே கோப்ரல்" என்றார்கள். செத்தாளா, பிழைத்தாளா? இப்போது கனவில் மாரியம்மா நாற்காலியில் இல்லை. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து, புள்ள என்ன ஆச்சு பத்து, என்று கேட்டாள்.

நாற்பது நாளுக்குமேல் அவனால் பொறுக்க முடியவில்லை. மாலை ரோந்தில் மோட்டாரைக் கீழ்ச்சாலையில் நிறுத்திவிட்டு, செம்பனைகளுக்கு இடையே நடந்து மேடேறி, கடைசி வீட்டின் பின்பக்கம் போய் நின்றான்.

குழந்தை அழுதது.

பசித்த பிள்ளையின் வீறிட்ட அழுகை. கூடவே, "இரு சாமி, இரு, தாரேன்" என்று அந்தக் கரகரத்த குரல். பிள்ளையும் இருக்கிறது, தாயும் இருக்கிறாள். பத்துமலைக்குக் கண்ணில் நீர் முட்டியது. செம்பனை மரத்தைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவனே, ஆண்டவனே என்று முணுமுணுத்தான்.

அப்போது அவன் இடுப்பில் வாக்கிடாக்கி கரகரத்தது.

அழுகை நின்றது. பிள்ளைகள் அழுது ஓய்கிற மாதிரி விம்மி விம்மி அடங்கவில்லை. சட்டென்று, நடுவிலேயே நின்றது. யாரோ வாயைப் பொத்திவிட்டார்கள். பதினோரு வீடும் மூச்சை அடக்கிக்கொண்டது.

பால்குடி மாறாத சிசு. மூக்கும் வாயும் சேர்ந்து ஒரு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவன் போகும்வரை அந்தக் கை எடுபடாது. பத்துமலை திரும்பி ஓடினான். நாற்பத்தெட்டு வயது உடம்பைத் தூக்கிக்கொண்டு, சறுக்கி விழுந்து எழுந்து, மேட்டிலிருந்து சாலைவரைக்கும் ஓடினான். பின்னால் அந்தப் பிள்ளை மறுபடி அழும் சத்தம் கேட்கும்வரை நிற்காமல் ஓடினான்.