கிராணிக்கு ஒரு சட்டை

நாயின் பெயர் கிராணி. போகிற வருகிறவர்களையெல்லாம் அந்தக் காலத்துத் தோட்டத்தில் கணக்கெழுதி ஆட்களை விரட்டிய கிராணி மாதிரி அதட்டும் என்பதால், அதை வளர்க்கிற குமுதா வைத்த பெயர். இப்போது அதற்கு அதட்ட நேரமில்லை. விலாவில் தோல் புற்றுநோய். பொழுது விடிந்தால் சொறிதல், சாய்ந்தால் கடித்தல்.

ஈப்போ நகரத்து மிருக டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: அறுத்தெடுக்க முடியாது, அரிப்பை மட்டும் அடக்கலாம், மாத்திரை கொடுங்கள், புண்ணில் வாய் படாமல் பருத்திச் சட்டை போட்டு மூடுங்கள். கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பைக் கிராணி கதவில் மோதியே உடைத்துவிட்டது. புருஷன் தனேஸ்வரனிடம் இருப்பதெல்லாம் பந்து விளையாடுகிற ஜெர்சி. போட்டுவிட்டால் வேர்த்து, அரிப்பு இன்னும் கூடியது. பருத்தியில் மிஞ்சியது, கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் அவனுக்குத் திருவிழாவுக்கு அடித்த மஞ்சள் சட்டைதான். அதையே மாட்டிவிட்டாள். முதுகில் கொட்டை எழுத்தில் 'செயலவை உறுப்பினர்'.

கோப்பெங் பக்கத்து இந்த ஊரில் தோட்டத்தை அழித்து வீடமைப்பு கட்டிவிட்டார்கள். மாரியம்மன் கோயிலும் செயலவையும் மட்டும் அசையவில்லை. அதன் தலைவர் பத்துமலை ஞாயிற்றுக்கிழமை குமுதா வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவர் உடம்பிலும் அதே மஞ்சள் சட்டை.

“என்னாம்மா இது, நாய செயலவையில சேத்துட்டியா? ஊரே சிரிக்குதுலா!”

“மீட்டிங்குக்கு வராத ஆளுங்களுக்கு இது தேவலண்ணே. கூப்புட்டா வரும்.”

“வாய் பேசாத. சாமி சட்டைய மொதல்ல கழட்டு.”

குமுதாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பார்க்கட்டும் இந்த மனுஷன் என்று கழற்றினாள்.

சட்டை இறங்கியதுதான் தாமதம், கிராணி வளைந்து தன் விலாவையே கடித்தது. கடித்துக்கொண்டே அழுதது. ரத்தம் வழிந்தது.

“அண்ணே, புடிங்க!”

நாய் மேலே பட்டால் தலைக்குக் குளிக்கிற ஆள் பத்துமலை. முட்டி போட்டு, இரண்டு கையாலும் அதை இறுக்கி அணைத்துக்கொண்டார். குமுதா அந்தச் சட்டையையே புண்ணில் வைத்து அழுத்த, அது முழுக்க நனைந்துபோனது.

“வேற சட்ட இல்லியா?”

“இல்லண்ணே.” குணமாக வேண்டும் என்று வேண்டுவதைக் குமுதா எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு மத்தியானமாவது இது அரிப்பில்லாமல் தூங்கினால் போதும்.

பத்துமலை தம் சட்டையைக் கழற்றி நீட்டினார். அவர் தொப்பைக்குத் தைத்தது கிராணிக்கு வால்வரை மூடியது. தொங்கியதைக் குமுதா முடிச்சுப் போட்டாள். கிராணி சுற்றிச் சுற்றி வந்தது, மோட்டார் நிழலில் சக்கரத்தோடு சாய்ந்து படுத்தது, தூங்கியே போனது.

பத்துமலை சாவியை எடுத்தார். நாயைப் பார்த்தார். சாவியைத் திரும்பவும் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

“மோட்டார சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்லா,” என்று ரகசியம் மாதிரி சொல்லிவிட்டு, வெற்றுத் தொப்பையோடு வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனார்.