எட்டு மில்லிமீட்டர்

டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த பேக்கரிக்காரர் கதவைச் சாத்த மறந்துவிட்டார். நர்ஸ் எழுந்து வந்து சாத்தினாள். எப்போதும் வெளியே வந்ததும், "பாஸ் டீச்சர்" என்று வராந்தாவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிற மனிதர், இன்று நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சருக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

இருவருக்கும் பழக்கம் இந்த வராந்தாவில் மட்டும்தான். படியில் விழுந்து விலாவில் அடிபட்டதற்காக ஸ்கேன் எடுக்க வந்தவள் அவள். இருமல் விடவில்லை என்று வந்தவர் அவர். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரே வாரத்தில் இருவருடைய நுரையீரலிலும் மங்கலாக ஒரு புள்ளி தெரிந்தது. கட்டி என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணாடியில் வாயால் ஊதினால் படிகிற ஆவி மாதிரி ஒரு வெண்மை. அப்படியே பல வருடம் கிடக்கலாம், வளரவும் செய்யலாம், வளர்ந்தால் புற்றுநோயாக இருக்க வாய்ப்புண்டு, வருடா வருடம் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர். சொல்வதற்கு என்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். இதைப் பற்றி வீட்டில் பேச்செடுத்தால் அவள் கணவர், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லிவிட்டார்களே என்று டிவி சத்தத்தைக் கூட்டுவார். பேக்கரிக்காரரின் மகன்களோ அப்பாவை அடுப்புப் பக்கமே விடாமல் கல்லாவில் உட்காரவைத்து முழு நோயாளியாக்கிவிட்டார்கள். ஆகவே ஒருவருக்கு மற்றவர்தான் பேச்சுக்கு ஆள். முதல் ஸ்கேனில் இருவருக்குமே எட்டு மில்லிமீட்டர். ஒரே மார்க் வாங்கிய பிள்ளைகள் போல அதில் ஒரு ஒட்டுதல். பீடி வாசம்கூடத் தெரியாத நமக்கு ஏன் வந்தது என்று ஆரம்பிக்கிற பேச்சு எங்கெங்கோ போகும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் ஸ்கேன் மெஷினின் குரலில் அவர் நர்ஸிடம் தண்ணீர் கேட்பார். அவள் வாய்விட்டுச் சிரிப்பது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

"வளந்துடுச்சு டீச்சர்," என்றார் இப்போது. "பதினொண்ணாம். நடுவுல கெட்டியாவும் ஆயிருக்காம். ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு சொல்றாரு."

அவள் ஆறுதலாக ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மனம் முந்திக்கொண்டது. இரண்டு பேரில் ஒருவருக்கு என்றால் அது அவருக்கு வந்துவிட்டது, இனி எனக்கு வராது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பாள். தப்பு என்று நன்றாகத் தெரிந்தும் தோளிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், தப்பித்தோம் என்று எழுந்து போனாள்.

அதே எட்டுதான். ஒரு மாற்றமும் இல்லை, இனி இரண்டு வருடம் கழித்து வந்தால் போதும் என்றார் டாக்டர். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முகத்தைச் சரிசெய்துகொள்ளக் கதவுக்கு உள்பக்கமே நின்றாள். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் டாக்டர். சீ, என்ன ஜென்மம் நான் என்று இருந்தது.

வெளியே பேக்கரிக்காரர் வீட்டுக்குப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். தன் கவலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற பதைப்பு அந்த முகத்தில் இருந்தது.

"உங்களுக்கு என்ன சொன்னாரு?"

"எனக்கும் கொஞ்சம் வளந்திருக்காம்."

இரக்கத்தில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்ள அவளுக்கும் ஆசைதான். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் பிழைத்தவளாக நிற்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டு வார்த்தை வருத்தப்பட்டுவிட்டு அவர் கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ நிமிர்ந்து நின்றார். போன உயிர் திரும்பி வந்த மாதிரி குரல் தெளிந்துவிட்டது.

"பயப்படாதீங்க டீச்சர். ஓரமா கொஞ்சூண்டுதான் வெட்டி எடுப்பாங்களாம். தனியா எப்படின்னுதான் உள்ள ஆடிப்போயிட்டேன். இப்ப ரெண்டு பேரு இருக்கோம்ல."

"இல்ல, நான் வந்து..."

"ஒண்ணும் பேசாதீங்க. முதல்ல நான் போறேன். எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்."

சொல்லிக்கொண்டே ஆபரேஷன் டாக்டருக்கான கவுன்டரை நோக்கி நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? கவுன்டரில் அவர் எதையோ விளக்கிவிட்டு அவளைச் சுட்டிக் காட்டினார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் பெஞ்சில் தலையில் துணி கட்டியிருந்த ஒரு அம்மா நகர்ந்து, உட்காருமாறு அவளுக்கு இடம் விட்டாள். அந்த இடத்தில் உட்காரவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

அவர் இரண்டு டோக்கன்களோடு வந்து ஒன்றை நீட்டினார். அவள் கை எழவில்லை. பயத்தில் மரத்துப் போயிருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவள் விரல்களை மெல்லப் பிரித்து, டோக்கனை உள்ளே வைத்து, மறுபடி மூடிவிட்டார்.