நீலக் கட்சிக்குள்ள ஒரு மஞ்ச வேட்டி

நான் பந்தாட்டம் பாக்கப் போனவன் இல்லீங்க. பனியன் விக்கப் போனவன். இதைச் சொன்னா திருப்பூர்ல ஒருத்தரும் நம்பறதில்லை. ‘மலாயாவுல பைனல் பாத்த ரத்தினசாமி’ன்னே பேராகிப் போச்சு. போகட்டும், நடந்ததை நடந்தபடி சொல்லிப்போடறனுங்க.

அப்ப எனக்கு நாலு நிட்டிங் மிசின். வெள்ளை பனியன் மட்டுந்தான் ஓட்டறது. எங்கூரு உப்புத்தண்ணிக்குத் துணி வெளுக்கற வெளுப்பு வேற எங்கயும் வராது. வெளுத்து என்ன பண்ண? அந்த வருசம் ஊட்டுக்கு ஊடு பனியன் கம்பெனி, வாங்கத்தான் ஆளில்லை. மூணு மிசின் சும்மா நின்னுது.

என்ற மச்சினன் மாரப்பன் பெரிய கம்பெனிக்காரன். ஒருநா ஊட்டுக்கு வந்தான், காப்பியக் குடிச்சான். “மச்சான், தைப்பூசத்துக்குள்ள ஆர்டர் வர்லீன்னா மிசினை எனக்குக் குடுத்துருங்க. நீங்க எங்கிட்ட மேஸ்திரியா வந்துருங்க”ன்னான். என்ற சம்சாரம் மயிலாத்தா அவனுக்குக் கூடப்பொறந்த அக்கா. அவளே எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்கு வந்த கோவத்துக்கு டம்ளரைத் தூக்கி அவன் மேல எறிஞ்சிருப்பேன். என்ற ஊட்டு டம்ளர் நசுங்கிப் போகுமேன்னு விட்டுட்டேன்.

பினாங்குல பக்கீர் ராவுத்தர்னு ஒரு துணி யாவாரி இருந்தாரு. நம்ம தாராபுரத்துக்காரர், போய் முப்பது வருசம் ஆச்சு. அவருக்குக் கடுதாசி போட்டுட்டு, ஒரு டஜன் சாம்பிளைப் பையில வெச்சுக்கிட்டு நாகப்பட்டினத்துல கப்பலேறினேன். போறதுக்கு முந்தி மயிலாத்தா பழனி முருகனுக்கு நேர்ந்துக்கிட்டா. ஆர்டரோட திரும்பி வந்து மலையேறற வரைக்கும் மஞ்ச வேட்டியும் செவப்புத் துண்டும் தவிர வேற துணி நான் உடுத்தக் கூடாது. நேர்ந்தது அவ, கட்டறது நானு.

பினாங்குல எறங்கிக் கடைக்குப் போனா, கடையே நீலமாக் கெடக்குது. ராவுத்தருக்கு நீலச் சட்டை, கணக்குப்பிள்ளை ஆத்தப்பனுக்கு நீலச் சட்டை, கல்லாப்பெட்டிக்கு மேல நீலக் கொடி. சாம்பிளை எடுத்தேன். ராவுத்தர் கையைக் காட்டி நிறுத்திட்டாரு.

“நாளைக்குக் கோலாலம்பூர்ல நம்ம பினாங்குக் கட்சிக்குப் பந்தாட்டப் பைனலுங்க. அது முடியற வரைக்கும் யாவாரம் பேச மாட்டேன். வாங்க, நீங்களும் பஸ்ஸுல ஏறுங்க.”

ஆத்தப்பன் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. “ஏனுங்க, நம்ம கட்சி ஜெயிச்சா நீங்க கேக்கறதுக்கு மேல ஆர்டர் எழுதுவாரு. தோத்தா ரெண்டு மாசத்துக்கு எந்த யாவாரியோடயும் பேச மாட்டாரு. போன வருசம் அப்படித்தான் ஆச்சு.” எனக்குப் பத்து நாள்ல திரும்பற கப்பல். அப்ப இருந்து நானும் நீலக் கட்சிதானுங்க. பந்து உருண்டையா சதுரமான்னுகூடக் கேட்டுக்கலை.

மைதானத்துக்குள்ள போனதுக்குப் பொறவுதான் தெரிஞ்சுது, பஸ்ஸுல வந்த எங்க இருபத்திரண்டு பேருக்கும் டிக்கெட் கெடைச்சது எதிராளிக கூட்டத்துக்கு நட்டநடுவுல. அதுகூடப் பரவால்லை. எதிராளிக கட்சிக்கு என்ன கலருங்கறீங்க? மஞ்சளும் செவப்பும்.

சுத்தியும் பாதிக்கு மேல ரப்பர் தோட்டத்துத் தமிழாளுக. ஒருத்தன் ஓடி வந்து என்ற தோள்ல கை போட்டான். “அண்ணே, ஊர்ல இருந்தே நம்ம கட்சிக்குத் துணி கட்டி வந்தீங்களா?” இன்னொருத்தன் கை நெறையா கடலை குடுத்தான். நீலச் சட்டைக அத்தனையும் திரும்பி என்னைப் பாத்துது. எனக்கு அந்தக் கடலையை மெல்லறதா துப்பறதான்னு தெரியலை.

ராவுத்தர் காதுகிட்ட வந்தாரு. “அதைக் கழட்ட முடியாதுங்களா?”

“பழனிக்கு நேர்ந்ததுங்க.”

தாராபுரத்து மனுசனுங்களே, நேர்த்தின்னா என்னன்னு அவருக்குத் தெரியும். தாடியத் தடவுனாரு. “நேர்த்தின்னா கழட்டாதீங்க. ஆனா ஆட்டம் முடியற வரைக்கும் வாயை மட்டும் தொறக்காதீங்க”ன்னாரு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. எல்லாரும் பந்தைப் பாத்தாங்க, நான் பனியனைப் பாத்தேன். நீலக் கட்சிக் கோல்காரனுக்குத் தோள்பட்டைத் தையல் விட்டிருந்துது. சொல்லலாம்னா வாயைத் தொறக்கக் கூடாதே. கொஞ்ச நேரத்துல எடப்பக்க வலைக்குள்ள பந்து போச்சு. ராவுத்தர் என்னைத் தூக்கிச் சுத்தினாரு. பொறவு வலப்பக்க வலையில போச்சு. ராவுத்தர் தலையில கை வெச்சு உக்காந்துட்டாரு. சரி, எடப்பக்கம் போனா நமக்கு நல்லது, வலப்பக்கம் போனா கெட்டதுன்னு மனசுல முடிஞ்சு வெச்சுக்கிட்டேன்.

பாதி ஆட்டத்துல நிறுத்தி டீ குடிச்சாங்க. டீக்குப் பொறவு ரெண்டு கட்சியும் பக்கத்தை மாத்திக்குவாங்கன்னு எனக்கு ஆரு சொன்னா? எங்க நிட்டிங் மிசின் மத்தியானத்துக்கு மேல திரும்பிச் சுத்தறதில்லைங்களே.

ஆளுக்கொரு கோல்ல நின்னுது ஆட்டம். முடியறதுக்கு அஞ்சு நிமிசந்தான் இருக்குதுன்னாங்க. ராவுத்தர் கண்ணை மூடிக்கிட்டு ஓதிக்கிட்டு இருந்தாரு. எடப்பக்க வலைக்கு முன்னால பத்துப் பேரு குவியலா விழுந்தாங்க. ஆரு ஒதைச்சதுன்னு தெரியலை, பந்து உள்ள போயிருச்சு. எடப்பக்க வலை. நாலு மிசினு, மாரப்பன், மயிலாத்தா எல்லாம் ஒண்ணாக் கண்ணுல வந்துருச்சுங்க. எந்திரிச்சு நின்னு, ரெண்டு கையும் தலைக்கு மேல தூக்கி, அடிவயித்துல இருந்து கத்தினேன்: “அரோகரா!”

தவளை தன் வாயால கெடும்பாங்க. சுத்தியிருந்த அத்தனை பேரும் “அரோகரா”ன்னு திருப்பிக் கத்தினாங்க. மைதானமே அதிர்ந்துது. என்னை அலேக்காத் தூக்கித் தோள் மேல வெச்சுக்கிட்டாங்க. அங்கிருந்து கீழ பாத்தேன். இருபத்தோரு நீலச் சட்டைக அசையாம நின்னுது. ராவுத்தர் கண்ணைத் தொறந்து என்னைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு.

ஆட்டம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சுது. ராவுத்தர் மட்டும் சிமெண்ட் படியில உக்காந்து அழுதாரு. அறுவது வயசு மனுசன், கொழந்தையாட்டத் தேம்பித் தேம்பி அழுதாரு. பக்கத்துல போக ஒருத்தருக்கும் தைரியமில்லை. எனக்கு அவமானமாப் போச்சு. ஆர்டர் போனது போகட்டும், அழற மனுசனை அப்படியே விட முடியுங்களா? அவர் கைக்குட்டை நனைஞ்சு பிழியற மாதிரி இருந்துது. என்ற செவப்புத் துண்டைக் குடுத்தா வெட்டியே போடுவாரு. பையைத் தொறந்து சாம்பிள் பனியன் ஒண்ணை எடுத்து நீட்டினேன்.

ஏறிட்டுப் பாக்காம வாங்கினாரு. மூஞ்சியத் தொடைச்சாரு, மூக்கைச் சிந்தினாரு, மறுக்காவும் அழுதாரு. ஆனா அழுதுக்கிட்டு இருக்கும்போதே கை ரெண்டும் பனியனோட கழுத்தைப் புடிச்சு இழுத்து விட்டுது. இழுத்த கழுத்து சுருக்குன்னு பழைய எடத்துக்கே போச்சு. மறுபடி இழுத்தாரு. பொறவு உள்பக்கத்தைத் திருப்பித் தோள்தையலை நகத்தால நெமிண்டினாரு. எத்தனை துக்கமானாலும் பனியன் யாவாரி கையில பனியனைக் குடுத்தா அந்தக் கை சும்மா இருக்காதுங்க.

“எத்தனாம் நம்பர் நூலு?” கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டே கேட்டாரு.

“நாப்பதுங்க.”

“தண்ணிய நல்லா இழுக்குது.”

“நல்லா வெளுத்ததுங்க. சரியா வெளுக்கலீன்னா துணி ஈரம் குடிக்காது.”

“தொவைச்சாக் கழுத்துத் தொங்குமா?”

“தொங்காதுங்க.”

மறுபடி மூஞ்சியத் தொடைச்சாரு. “நூறு டஜன் அனுப்புங்க”ன்னாரு. பொறவு என்ற வேட்டிய மேலயும் கீழயும் பாத்துட்டு, “வெள்ளை மட்டும். வேற எந்தக் கலரையும் என்ற கண்ணுல காட்டாதீங்க”ன்னாரு. எனக்கும் அழுகை வந்துருச்சு. டஜன்ல இன்னும் பதினொண்ணு இருந்துது, நானும் ஒண்ணை எடுத்துக்கிட்டேன்.

ஊருக்கு வந்து பழனி மலையேறி, அந்த வேட்டியக் கழட்டிப் போட்டேன். தைப்பூசத்துக்கு முந்தியே சரக்குக் கப்பலேறிருச்சு. சித்திரையில ராவுத்தர் கிட்ட இருந்து கடுதாசி வந்துது. நான் படிச்சுக்கிட்டு இருக்கையில மாரப்பன் வந்தான், கையில இருந்து வாங்கிச் சத்தமாவே படிச்சான். “சரக்கு வந்து சேர்ந்தது. கழுத்து நன்றாக நிற்கிறது. மேற்கொண்டு முன்னூறு டஜன் அனுப்பவும். பைனல் நடக்கும் மாதத்தில் தாங்கள் தயவுசெய்து திருப்பூரிலேயே இருக்கவும்.”

“கடைசி வரி என்னுங்க மச்சான்?”ன்னான்.

“அது எனக்கும் ராவுத்தருக்கும் முருகனுக்கும் உள்ளதுடா”ன்னேன். அவன் என்னமோ திருப்பிக் கேட்டான். நாலு மிசினும் ஓடற சத்தத்துல எனக்குக் காதுல விழலைங்க.