கறிக்கு ஒரு பிடி

கறிக்கு எடுக்கிற இறாலைக் கூலி என்று முதலில் சொன்னது முதலாளி இல்லை. என் கணவர் சிமியோன். சண்முகநாதன் முதலாளிக்கு அந்த அளவுக்கு மூளை கிடையாது. அவரிடம் காசு இருந்தது, ஐஸ் அறை இருந்தது, கொழும்புக்கு இறால் ஏற்றுகிற லொறி இருந்தது. மூளைக்கு என் மனுசனை வைத்திருந்தார், அதுவும் மலிவு விலைக்கு.

யாழ்ப்பாணக் கரையில், குருநகரில் பிறக்காதவர்களுக்கு இந்தக் கறிக்கதையைச் சொல்லத்தான் வேண்டும். வள்ளம் கரைக்கு வந்தால், பங்கு பிரிக்க முன்னர், கைவைத்த எல்லோருக்கும் கறிக்கென்று ஒரு பிடி ஒதுக்குவார்கள். வலை இழுத்தவனுக்கும் உண்டு, கூடை தூக்கிவிட்டவளுக்கும் உண்டு, வள்ளத்தைத் தள்ள ஒரு கை கொடுத்துவிட்டுப் போகிறவனுக்கும் உண்டு. அதை ஒருவரும் நிறுப்பதில்லை. பங்கில் கழிப்பதுமில்லை. கடற்கரைக்கு உதவிக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, அவ்வளவுதான். நான் இளவாலைக்காரி, வெங்காயத் தோட்டத்துக்கு நடுவே வளர்ந்தவள். எனக்கே இது கலியாணம் செய்து வந்த பிறகுதான் தெரியும். என் மனுசனோ அந்தக் கறியில் வளர்ந்தவர். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அவருடைய தகப்பன் கடைசிவரை கடலில் கிடந்தவர். மகனைத் துடுப்பைத் தொடவே விடவில்லை. இங்கிலீசு படிப்பித்து, கொழும்பில் ஓர் இறக்குமதிக் கொம்பனியில் கிளாக்கர் உத்தியோகத்துக்கு அனுப்பினார். வெள்ளவத்தையில் எங்களுக்கு வாடகை வீடு இருந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது. ஞாயிறு பூசைக்கு அவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் போவார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாவற்றையும் கொளுத்தினார்கள். உடுத்த உடுப்போடு கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினோம். கொம்பனி திரும்பத் திறந்தபோது அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார்.

யாழ்ப்பாணம் முழுக்க அப்போது எங்களைப் போன்ற ஆட்கள்தான். பாங்கில் இருந்தவர், கப்பல் கந்தோரில் இருந்தவர், கணக்குப் பரிசோதித்தவர் எல்லோரும் சேர்ட்டிபிக்கற்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார்கள். முதலாளிமாருக்கு நல்ல காலம். கேட்ட சம்பளத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, "பாவம், அகதியாய் வந்த ஆள், வைச்சிருக்கிறன்" என்று நாலு பேருக்குச் சொல்லிப் புண்ணியமும் தேடிக்கொண்டார்கள். சண்முகநாதன் முதலாளியும் என் மனுசனைக் கணக்கெழுத வைத்து அப்படித்தான் எங்கள் தலையைத் தடவினார். கொழும்புக் கந்தோரில் இவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்த பியோன் வாங்கியதைவிடக் குறைவான சம்பளம் அது.

இருக்க இடம் தந்தவள் லூர்த்தம்மா. இவருடைய தாய்மாமன் மகள், மூத்த மச்சாள். தன் வீட்டு முன்னறையை எங்களுக்கு ஒழித்துத் தந்துவிட்டு, பிள்ளைகளோடு பின்னறையில் படுத்தாள். அவளுடைய மனுசன் இன்னாசித்தம்பி ஆழ்கடல்காரன். எண்பத்துநாலில் கடலுக்குப் போகக் கூடாது என்று நேவி தடை போட்ட பிறகு அவனுடைய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அவன் கிழியாத வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டு இருந்தான். தடை இல்லாத குடாக்கடலில் இருந்து இறால் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதை வாங்குகிற சண்முகநாதன் முதலாளியின் கொம்பனியில், தலை கிள்ளி ஓடு உரிக்கிற வேலை லூர்த்தம்மாவுக்கு. விடிய ஐஸ் தண்ணீருக்குள் விட்ட கையைப் பின்னேரம்தான் எடுப்பாள். நகமெல்லாம் அழுகி, இரவில் ஒரு பொத்தானைக்கூடப் பூட்ட மாட்டாள், மகள்தான் பூட்டிவிடுவாள்.

அந்தக் கைக்கு முதலாளி கொடுத்தது, சட்டம் சொன்ன ஆகக்குறைந்த சம்பளத்திலும் எவ்வளவோ கீழே. பின்னேரம் போகும்போது உமலுக்குள், அந்தச் சின்னப் பனையோலைப் பைக்குள், ஒரு பிடி இறால் கறிக்குப் போடுவார்கள். அது குருநகரில் கொம்பனி நடத்துகிற எவனும் செய்தே ஆக வேண்டிய மரியாதை. சட்டச் சம்பளம் என்று ஒன்று இருப்பது தெரிய வந்ததும் பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து அரசாங்கத் தொழில் கந்தோரில் முறைப்பாடு வைத்தார்கள். லூர்த்தம்மாதான் முன்னுக்கு நின்றாள். வெள்ளிக்கிழமை விசாரணைக்கு ஆள் வருகிறது என்று தகவல் வந்தது.

அதற்கு முதல் நாள் இரவு நாங்கள் இருவரும் குசுகுசுத்துக்கொண்டே சண்டை பிடித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் லூர்த்தம்மா படுத்திருந்தாள்.

"அவையளுக்குச் சட்டப்படி குடுத்தால் எங்கை வந்து நிக்கும் தெரியுமோ? என்ரை சம்பளத்தைத் தொட்டுக்கொண்டு நிக்கும்" என்றார்.

"நிக்கட்டுமே."

"நிக்கட்டுமோ? அப்ப நான் படிச்ச படிப்பென்ன, பாத்த உத்தியோகமென்ன? இறால் உரிக்கிறவளும் நானும் ஒண்டோ?"

"உங்களுக்குக் காணாட்டி முதலாளியிட்டைக் கூட்டிக் கேளுங்கோ. அவளைக் கீழை அமத்திப் பிடிச்சால் நீங்கள் உயந்திடுவியளோ?"

"உமக்கு விளங்காது. கூடக் குடுக்கிறதெண்டால் கொம்பனியை மூடிப்போடுவன் எண்டு அந்தாள் நிக்குது. மூடினால் அவைக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அதுக்குத்தான் ஒரு வழி பாத்து வைச்சிருக்கிறன். கறி இருக்குத்தானே. அதைச் சந்தை விலைக்குப் போட்டுச் சம்பளத்தோடை கூட்டினால் சட்டக்கணக்குச் சரி. என்னை மனேச்சராக்கிறதெண்டும் சொல்லியிருக்கிறார். தனிவீடு எடுக்கலாம்."

"கறியையோ?" என்றேன். "கறி தாறேல்லை எண்டு அவை சொல்லிவிட்டால்?"

அவர் சிரித்தார். "குருநகரிலை ஆரும் அப்பிடிச் சொல்லமாட்டினம்."

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன். அந்தச் சனம் பொய் சொல்லாது என்பது இவருக்கு வடிவாகத் தெரியும். அதைத்தான் எடுத்து முதலாளிக்கு விற்றிருந்தார்.

விடிந்ததும் அடுப்படியில் லூர்த்தம்மாவைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கறியைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"உதென்ன விசர்க்கதை, பிள்ளை?" என்றாள். "வாங்கித் திண்டதை இல்லையெண்டால் வாய் புழுத்துப்போகும். கறிக்கும் கூலிக்கும் என்ன சம்பந்தம்? அது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மச்சான் உப்பிடிச் செய்யான். நீர் புருசனோடை கோவத்திலை கதைக்கிறீர்."

விசாரணை கொம்பனி முற்றத்தில் நடந்தது. வந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், வேர்வையைத் துடைத்துத் துடைத்து எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பெண்கள் ஈரக்கையோடு நிலத்தில் இருந்தார்கள். முதலாளி கதிரையில். என் கணவர் அவருக்குப் பின்னால், கழுவி மினுக்கிய சேர்ட்டோடு. நான் மதிலோரம் அந்தப் பெண்களின் வீட்டுக்காரரோடு நின்றேன்.

"ஐயா, நாங்கள் காசு மட்டும் குடுக்கேல்லை" என்று இவர் தொடங்கினார். "நாளாந்தம் இறாலும் குடுக்கிறம். அதின்ரை பெறுமதியையும் சேர்த்துத்தான் பாக்கவேணும்."

அதிகாரி பெண்களைப் பார்த்து, "உண்மையோ அம்மா?" என்று கேட்டார்.

லூர்த்தம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினாள். "ஓம் ஐயா. பொய் சொல்லக்கூடாது. ஒரு நாளும் வெறுங்கையோடை விட்டதில்லை."

"ஓம், ஓம்" என்றார்கள் எல்லோரும். சின்னத்தங்கம் என்ற கிழவி, "நல்ல இறால் ஐயா, ஊத்தையில்லை" என்று மேலதிகமாகவும் சொன்னாள். முதலாளிக்கு நன்றி சொல்லுகிற நினைப்பு அவளுக்கு.

"அது கூலியில்லை!" என்று நான் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் யார் என்று அதிகாரி கேட்டார்.

"என்ரை மனுசி" என்றார் இவர். "அவவுக்குக் கொஞ்சம் சுகமில்லை."

எனக்குப் பற்றி எரிந்தது. அதிகாரி எழுதி முடித்தார். கறி கொடுப்பதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்வதால், அதைக் கூலியில் சேர்க்கலாமோ என்று தான் மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றும், பதில் வந்ததும் திரும்ப வந்து விசாரிப்பதாகவும், அதுவரை பழைய சம்பளம்தான் என்றும் சொன்னார். லூர்த்தம்மாவுக்கு விளங்கவில்லை. "ஏன் ஐயா பழைய சம்பளம்?" என்றாள்.

"கறியோடை சேத்துப் பாத்தால் சட்டப்படி சரியாய் வருகுதெண்டு சொல்லுகினம், அம்மா."

அவள் மெதுவாக இவர் பக்கம் திரும்பினாள். "மச்சான், கறியையோ கணக்கிலை போட்டனீ?"

இவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொழும்பிலிருந்து காலோடு வந்த ஒரே சப்பாத்து அது.

திங்கட்கிழமை வாசலில் தராசு வைத்தார்கள். கறியை இனி நிறுத்துப் பெயருக்கு நேரே பதிய வேண்டுமாம். பதிகிறவர் வேறு யார், இவர்தான். லூர்த்தம்மா தன் உமலைக் கவிழ்த்து, இறாலைத் திரும்பக் கூடைக்குள் கொட்டினாள். பின்னால் வந்தவளும் கொட்டினாள். கடைசியாகச் சின்னத்தங்கமும் கொட்டிவிட்டு, கூடையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாளாம். அன்றிரவு லூர்த்தம்மாவின் பிள்ளைகள் வெறுஞ்சோற்றுக்கு உப்பும் மிளகாயும் கடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். எங்களை வீட்டைவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மாத முடிவில் இவருடைய சம்பளத்திலேயே வெட்டு விழுந்தது. இவரும்தானே நாள் தவறாமல் கொம்பனியில் இருந்து கறி கொண்டு வந்தவர். "உமக்கும் கறி கறிதானே, சிமியோன்? நீர் சொல்லித் தந்த கணக்குத்தான்" என்று முதலாளி பல்லைக் காட்டினாராம். மனேச்சர் வேலையைப் பிறகு பார்க்கலாமாம். இதை இவர் வந்து சொன்னபோது நான் சிரித்தேன். வாய்விட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கச் சிரித்தேன்.

கையில் காசில்லாத சனிக்கிழமை ஒன்றில், கடற்கரைக்குப் போய்வரலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். யாகப்பு அண்ணையின் வள்ளம் குடாக்கடலில் இருந்து அப்போதுதான் வந்தது. யாகப்பு இவருடைய தகப்பனோடு கடலுக்குப் போனவர், இவரைத் தோளில் தூக்கித் திரிந்தவர். கண்ட இடத்தில் "எடேய் சிமியோன், வாடா" என்பார். இவர் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, வள்ளத்தைத் தள்ளினார். மற்றவர்களோடு சேர்ந்து மூச்சு வாங்கத் தள்ளினார். யாகப்பு கறிக்குப் பிரித்தார். வலைகாரருக்கு ஒவ்வொரு பிடி. தள்ளிவிட்ட சைக்கிள்காரன் ஒருவனுக்கு ஒரு பிடி. இவருக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"தராசை எடுங்கோடா" என்றார் பின்னால் திரும்பி. பிறகு இவரிடம், "உமக்கு எவ்வளவு வேணும், தம்பி? நிறுத்துத்தான் தரலாம். காசைத் தாரும்."

"என்ன யாகப்பு அண்ணை, பகிடியோ?"

"பகிடியில்லை. உமக்குச் சும்மா தந்தால், நாளைக்கு அதைக் கூலியெண்டு எழுதிப்போடுவீர்."

நீ என்று கூப்பிட்டு வளர்த்த வாய் அது. அன்றைக்கு நீர், உமக்கு, தாரும் என்று மரியாதை வைத்துக் கதைத்தது. இவருடைய முகம் செத்துப்போயிற்று. மணலில் கிடந்த சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

"பாத்தீரே சனத்தின்ரை குணத்தை?" என்றார் வழியில்.

எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. "பாத்தன்" என்றேன். "உங்கடை குணத்தையும் பாத்தன். வெள்ளவத்தையிலை எரிஞ்சது வீடு மட்டுமெண்டு நினைச்சிருந்தன்."

அன்றிரவு லூர்த்தம்மாவிடம் போய், உரிக்கிற வேலைக்கு நானும் வரட்டோ என்று கேட்டேன். அவள் என் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கறி எடுக்கேலாது, தெரியுந்தானே?" என்றாள். "ஒருத்தரும் எடுக்கிறேல்லை எண்டு முடிவு. அந்த ஐயா திரும்ப வரட்டும். வந்து கறி தாறவையோ எண்டு கேட்டால், இல்லையெண்டு சொல்லலாம். அப்ப அது பொய்யில்லைத்தானே?"

முதலாளியும் ஆள் வேண்டாம் என்று சொல்லவில்லை, கிளாக்கரின் மனுசியும் மலிவுதான். திங்கட்கிழமை நான் லூர்த்தம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினேன். மத்தியானத்துக்கு முன்னமே விரல்கள் விறைத்துவிட்டன. இறால் முள் ஏறிய இடமெல்லாம் ஐஸ் தண்ணீர் பட்டுக் கடுத்தது. பின்னேரம் வரிசையில் நின்றேன். வாசலில் மேசையும் தராசுமாக என் கணவர் இருந்தார். முன்னால் போனவர்களிடம் தலையைத் தூக்காமலே கேட்டுப் பதிந்துகொண்டிருந்தார். என் முறை வந்ததும் பேனை நின்றது. என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பெயர்?" என்று கேட்டார்.

"சிமியோன் அருமைநாயகி."

"கறி?"

"இல்லை" என்றேன். "இல்லையெண்டு வடிவாய் எழுதுங்கோ. நாளைக்கும் அதைத்தான் எழுதவேணும்."