மூன்று முறை அலசிய போத்தல்

திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்குச் சொன்னேன், எட்டு பதினொன்றுக்கு முடிந்துவிட்டது. மூன்று நாள் மறைத்து வைத்ததைச் சொல்ல ஒரு நிமிடம்தான் ஆனது… என் மேலதிகாரி குமுதா மேடம் கணினியிலிருந்து முகத்தைக்கூடத் திருப்பவில்லை, எண்ணெய் டெஸ்ட் போத்தலையா அலசினே என்றார், ஆமா மேடம், எத்தனை தடவ, மூணு, சரி, அந்த ரிசல்ட்டை ரத்து பண்ணிடலாம், ஃபாரம் எழுதிக் குடு, ஜெயராஜ் வேன் எடுக்கிறாரு, போய் மறுபடி எடுத்துட்டு வா. அவ்வளவுதான். கதவைத் திறக்கும்போது, உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல வெள்ளிக்கிழமையே கையெழுத்து போட்டுட்டேன், கிழிக்க மாட்டேன், போ, என்றார். வேலையை நிரந்தரமாக்கும் கடிதம், ஆறு மாதம் காத்திருந்தது. இப்போது வேனில் உட்கார்ந்திருக்கிறேன், பெட்டாலிங் ஜெயா பின்னால் போய்விட்டது, நெடுஞ்சாலையில் நெரிசல், ஐஸ் பெட்டிக்குள் காலிப் போத்தல்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, காலியாக இருக்கும்வரை போத்தலில் தவறு எதுவும் இல்லை… தனியா சிரிக்கிறியே உஸ்மா, என்கிறார் ஜெயராஜ் அண்ணன், காலைல எழவு வீட்டுக்குப் போற மூஞ்சி, இப்ப என்னா லா, மாப்பிள்ளை கெடச்சிட்டானா? கெடச்சா உங்க வேன்லயா வருவேன், என்றேன். அவர் ஹார்ன் அடித்தார், யாருக்கென்று தெரியவில்லை.

பல்கலைக்கழக முதல் வருடம், முதல் செய்முறை வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அது, மாதிரி எடுக்கும் முன் போத்தலை அதே நீரால் மூன்று முறை அலசு, போத்தலில் முன்பு இருந்தது எதுவும் கலக்கக் கூடாது, ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு நிரப்பு. நான்கு வருடத்தில் எத்தனை ஆறு, எத்தனை வாய்க்கால், கை அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. எண்ணெய் சோதனைக்கு மட்டும் அலசக் கூடாது என்பதும் படித்ததுதான், எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், அலசும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும், ஆய்வகத்தில் எண் கூடிவிடும். தேர்வில் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். மாதிரி எடுத்த அன்றைக்கு மழை தூறிக்கொண்டிருந்தது, ஆலையின் விஜயன் அண்ணன் குடை பிடித்தபடி எங்கள் பல்கலைக்கழகக் கேன்டீன் அக்காவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், இன்னமும் அதே சாம்பல் நிறக் குழம்பா என்றார், நான் சிரித்தேன், சிரிக்கும்போதே கை அலசிவிட்டது, மூன்றாவது தடவை ஊற்றிய நீர் என் காலிலிருந்த சப்பாத்தில் பட்டது, அப்போதுகூடப் புரியவில்லையே… வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்தது, கழிவுநீரில் எண்ணெய்க்கு அந்த ஆலையின் எல்லை பத்து, வந்தது பதினான்கு. காகிதத்தில் பதினான்கைப் பார்த்தபோதுதான் சப்பாத்து நினைவுக்கு வந்தது. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். முனையில் பிசுபிசுப்பாக ஒரு கறை.

ஷா ஆலாம் மசூதியின் நீலக் கூரை தெரிகிறது, இதைத் தாண்டினால் கிள்ளான், வீடு, அத்தாவின் துணிக்கடை. நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த வருடம் அத்தா வாடிக்கையாளர்களிடம், மக சயின்ஸ் படிக்கிறா, என்பார், முன்னால் இருக்கும் சுற்றுச்சூழல் என்ற சொல்லை விழுங்கிவிடுவார். நான் மருந்துக்கடை வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. படித்து முடித்து எட்டு மாதம் அவர் கடையில் துணி மடித்தேன், ஒரு ஆன்டி சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, டிகிரி படிச்ச பொண்ணு மடிச்சா மடிப்பு எவ்வளவு நேரா இருக்கு பாருங்க, என்றார், கேலியா பாராட்டா, இன்றுவரை தெரியாது. கூடப் படித்தவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள், மலர்விழி பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருபத்து மூன்றாவது மாடியில் உட்கார்ந்து கம்பெனிகளுக்குப் பசுமை அறிக்கை எழுதுகிறாள், கார்பன் கணக்கு எல்லாம் அவள் விரல் நுனியில், ஒரு மரத்தின் பெயர் சொல்லத் தெரியாது. தனேஷ் செம்பனை எண்ணெய்த் தோட்டங்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் குழுவில், மாதத்தில் பாதி சபா மாநிலத்தில். பிரவின் இன்சூரன்ஸ் விற்கிறான், என்னையும் இரண்டு தடவை கேட்டான். நான் போத்தலில் நீர் பிடிக்கிறேன். பிடித்த நீரின் எண் அரசாங்கத்துக்குப் போகிறது, அந்த எண்ணை வைத்துத்தான் ஓர் ஆலை ஓடலாமா நிற்கவேண்டுமா என்று முடிவாகிறது, இதை அத்தாவுக்கு எப்படிச் சொல்வது… சொன்னேன் ஒரு நாள். அப்ப நீ தப்பா புடிச்சா, என்று கேட்டார். தப்பா புடிக்க மாட்டேன் அத்தா, என்றேன்.

விஜயன் அண்ணன் எனக்கு நான்கு வருடம் மூத்தவர், அதே துறை, அதே கேன்டீன். போர்ட் கிள்ளானில் சவர்க்காரம், சோப்பு செய்யும் அந்த ஆலையில் கழிவுநீருக்கு அவர்தான் பொறுப்பு, அவர் சுத்தம் செய்கிறார், நான் அளக்கிறேன், ஒரே புத்தகத்தைப் படித்த இரண்டு பேர் ஒரு குழாயின் இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். தங்கச்சி, பதினாலுங்கறாங்க, பாஸ் வேற ஆள் பாக்கறேன்னு சொல்லிட்டாரு, போத்தல்ல எதாச்சும்…? கறையைப் பார்த்தபடிதான் பதில் சொன்னேன். இல்லண்ணே, எல்லாம் சரியாதான் எடுத்தேன். ஏன் சொன்னேன்? கடிதம் கைக்கு வரவில்லை என்பதாலா, கடையில் மறுபடி துணி மடிக்க முடியாது என்பதாலா… சரி தங்கச்சி, என்று வைத்துவிட்டார், நம்பிவிட்டார். சனி முழுதும் அந்தச் சரி காதில் இருந்தது. சப்பாத்தை இரண்டு தடவை கழுவினேன், கறை மங்கியது, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தா, என்னம்மா சாப்பாடு எறங்கலையா, என்றார். இப்போது இறங்கும். இப்போது பசிக்கிறது, உண்மையாகவே பசிக்கிறது. அண்ணே, திரும்பி வரும்போது கிள்ளான்ல ரொட்டி சானாய் சாப்பிடலாம், என் செலவு. லெட்டர் கெடச்சிருச்சா, என்றார் ஜெயராஜ் அண்ணன், ரெண்டா ஆர்டர் பண்ணுவேன் லா.

கன்டெய்னர் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஆலை வாசலை அடைந்தோம், விஜயன் அண்ணன் ஹெல்மெட்டோடு நின்றிருந்தார், மேடம் போனில் சொல்லியிருக்கவேண்டும், மறுபடி எடுக்க ஆள் வருகிறது என்று மட்டும். காரணத்தை நான்தான் சொன்னேன், இறங்கியதும், ஐஸ் பெட்டியைத் தூக்கும் முன்பே. அண்ணே, அன்னைக்கு அலசிட்டேன், வெள்ளிக்கிழமை உங்ககிட்ட பொய் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார், பிறகு சிரித்தார், படியிலேயே உட்கார்ந்து சிரித்தார், நானும் ரெண்டாவது வருஷம் அலசிட்டு திட்டு வாங்கினேன் லா, சார் என்னை மூணு வாரம் மிஸ்டர் மூணு தடவன்னு கூப்பிட்டாரு. கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு எளிதா… குழாய் வாயில் குந்தி, வெறும் போத்தலை நேராக நீட்டினேன், அலசாமல், ஒரே தடவை, கழுத்துவரை, மூடினேன், பெயர் ஒட்டினேன், நேரம் பத்து பத்து, இந்த முறை கை என் பேச்சைக் கேட்டது. நீர் தெளிவாக இருந்தது. எழும்போதுதான் பக்கத்தில், கழிவுநீர் குழாய்க்கு வரும் முன் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைப் பார்த்தேன். சுவரில் நீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்பு எண்ணெய்ப் பட்டை இருக்கும், ஒவ்வொரு மாதமும் பார்த்திருக்கிறேன். இன்று இல்லை. சிமெண்டு வெள்ளையாக இருந்தது, பிரஷ் தேய்த்த கோடுகள்கூடத் தெரிந்தன, தரை ஈரம், சுருட்டாத ஹோஸ், ஓரத்தில் மூடிபோட்ட நீலப் பீப்பாய்கள் நான்கு. கழுவுவது அவர் வேலைதான், கழுவினால் தப்பில்லை, எப்போது கழுவினார், மேடத்தின் போனுக்குப் பிறகா, ஏன் இப்போது… இந்தப் போத்தலில் ஐந்து வரும், ஆறு வரும். அன்றைய பதினான்கு என் மூன்று அலசலா, இந்தத் தொட்டியா, இனி யாரும் சொல்ல முடியாது. சப்பாத்தைப் பார்த்தேன். வெறும் அலசிய நீர் இரண்டு கழுவலுக்கும் போகாத கறையை விடுமா? ஃபாரத்தில் கடைசிக் கட்டம், இடத்தில் கவனித்தவை, நான் எப்போதும் ஒன்றுமில்லை என்று எழுதும் கட்டம். பேனாவைத் திறந்தேன். விஜயன் அண்ணன் குடிக்க நீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார், நிம்மதியான முகம், வேன் கண்ணாடியில் பார்த்திருந்தால் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இனி ஒண்ணும் பிரச்சினை இல்லதானே, தங்கச்சி?"