மாமியார் கண்

டிசைன் பிரிவில் அது படம் வரைந்தது. கொள்முதல் பிரிவில் உதிரிபாகக்காரர்களிடம் பேரம் பேசியது. வாடிக்கையாளர் பிரிவில் போனை எடுத்துத் தேன் தடவிய குரலில் பதில் சொன்னது. அந்தப் பெரிய கார் கம்பெனியில் செயற்கை நுண்ணறிவு நுழையாத மூலை இல்லை என்று ஆனபிறகு ஒயரிங் லைன் மட்டும் தப்புமா? ஒருநாள் காலை வேலைக்கு வந்தவர்கள், தலைக்கு மேல் வரிசையாகக் கேமராக்களைப் பார்த்தார்கள்.

வேலை செய்பவரின் கை தயங்கினாலும், ஒயரை இணைக்கும் கனெக்டர் சரியாக உட்காரவில்லை என்று பட்டாலும், அது உடனே சூப்பர்வைசரின் டேப்லெட்டில் சிவப்பாகக் காட்டும். நின்றால் குற்றம், குனிந்தால் குற்றம் என்று சொல்வதால் லைனில் இருந்த பெண்கள் அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்தார்கள். “மாமியார் பாக்குறாங்க, கொட்டாவி விடாதே” என்று சிரித்துக்கொள்வார்கள்.

சூப்பர்வைசருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் மனைவியும் அதே லைனில்தான் இருந்தாள். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஏர்பேக் ஒயரை மாட்டுவது அவள் வேலை. மஞ்சள் கனெக்டரை ‘டிக்’ என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். பாதியில் நின்றுவிட்டால் சோதனையில் தப்பிவிடும். ஆனால் சாலையில் குலுங்கிக் குலுங்கி ஒருநாள் கழன்றுகொள்ளும். அன்றைக்கு மோதினால் ஏர்பேக் விரியாது.

முதல் எச்சரிக்கையே அவள் இடத்திலிருந்து வந்தது. ‘இடது கை தாமதம். கனெக்டர் சந்தேகம்.’ அதன் கீழே, அந்த எச்சரிக்கை ‘சரி’யா ‘தவறா’ என்று சொல்ல இரண்டு பொத்தான்கள். ‘சரி’யை அழுத்தினால் அந்த ஆளை லைனிலிருந்து இறக்கிவிடுவார்கள். பெயிண்ட் பிரிவில் அப்படி இறங்கியவர்கள் யாரும் திரும்ப வரவில்லை. சூப்பர்வைசர் போய்க் குனிந்து கனெக்டரை அழுத்திப் பார்த்தார். கெட்டியாகத்தான் இருந்தது. ‘தவறு’ என்று அழுத்தினார்.

இரண்டாவது முறை வந்தபோது அவர் விரலுக்கடியில் கனெக்டர் நகர்ந்து ‘டிக்’ என்றது. அப்போதும் ‘தவறு’ என்றே அழுத்தினார்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகிவிட்டது. சிவப்பு வந்தால் போய்த் தானே அழுத்திவிட்டு வருவார். நாம்தான் சரிபார்த்துவிடுகிறோமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனதைத் தேற்றிக்கொள்வார். வீட்டிலும் அவர் கண் அவள் இடது கையை விட்டு அகலவில்லை. துணி பிழியும்போது, கதவுத் தாழ்ப்பாள் போடும்போது, டம்ளரைத் தூக்கும்போது.

“என்ன, வீட்லயும் மாமியார் வேலை பாக்குறீங்களா?” என்றாள் அவள்.

“ஒண்ணுமில்லையே.”

“பின்ன எதுக்கு என் கையையே முறைக்கிறீங்க?”

அவர் பேப்பரை விரித்துக்கொண்டார்.

சில வாரங்களில் சிவப்பு குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. கை சரியாகிவிட்டது போலும் என்று அவர் நிம்மதியானார். அப்போதுதான் கேமராக்களைப் பொருத்திய இன்ஜினியரம்மா சந்தோஷமாக அவரைத் தேடி வந்தார்.

“சார், உங்க லைன்ல வீண் அலாரமே இல்ல இப்போ. நீங்க ‘தவறு’ போடப் போட சிஸ்டம் கத்துக்கிச்சு. அந்த மாதிரி கை தயங்குறத இனிமே அது கண்டுக்காது.”

“யார் கை தயங்கினாலுமா?”

“யாரா இருந்தாலும். அடுத்த வாரம் மத்த ஃபேக்டரிக்கும் இதையே அனுப்பப்போறோம். எல்லாம் உங்க புண்ணியம்.”

எதை அழுத்திப் பார்ப்பது என்று காட்டிக்கொடுத்ததே அந்தச் சிவப்புதான். அது நின்றபிறகு ஒரு காரின் அடியிலும் அவர் குனியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேலை முடிந்த கார்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் வைத்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“இந்தக் கைல ரெண்டு விரல் மரத்துப்போகுதுன்னு எனக்கே தெரியும்” என்றாள். “வேலை போயிடும்னு வாயத் தொறக்கல. ரெண்டு தரம் அழுத்தி அழுத்திதான் மாட்டுவேன். அப்பவும் சிலது உக்காரலயா?”

“சிலது.”

“அத ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?”

“நீ பயந்துடுவேன்னு...”

“நான் பயந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.” அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “காலைல போய்ச் சொல்லிடுங்க. நானும் வரேன்.”

மறுநாள் இன்ஜினியரம்மாவின் அறையில் இருவரும் நின்றபடியே சொன்னார்கள். அந்த அம்மா திட்டவில்லை, உடனே போனை எடுத்து லைனை நிறுத்தச் சொன்னார். முடிந்த கார்களையெல்லாம் திறந்து பார்த்தார்கள். பாதியில் நின்ற கனெக்டர்கள் கிடைத்தன. அவள் மாட்டியவை மட்டுமல்ல, பக்கத்து இடங்களில் மாட்டியவையும் இருந்தன. விற்றுப்போன கார்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அழைத்தார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் வந்தன.

அந்த ஒன்றின் சொந்தக்காரரை வாடிக்கையாளர் பிரிவின் தேன்குரல் எத்தனை முறை அழைத்தாலும் அவர் போனை வைத்துவிட்டார். சூப்பர்வைசருக்குத் தொலைவில் எங்காவது பிரேக் கிறீச்சிட்டாலும் உடம்பு தூக்கிப்போடும். கடைசியில் சர்வீஸ் மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்தவர் சலித்துக்கொண்டார். “சும்மா சும்மா மெஷின் கூப்பிடுது. ஏதோ விளம்பரம்னு வெச்சுட்டேன். என்ன விஷயம்?”

“உங்க கார்ல ஏர்பேக் ஒயர் சரியா மாட்டாம இருக்கலாம் சார். தப்பு என்னோடது.”

அந்த மனிதர் சாவியைக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தார். மெக்கானிக் கார் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்தார். சூப்பர்வைசர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கழலுற நெலமைலதான் இருக்கு” என்றார் மெக்கானிக். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கனெக்டரை அழுத்தினார். ‘டிக்.’

கார்க்காரர், “நேத்துதான் பசங்களக் கூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டு வந்தேன்” என்று மட்டும் சொன்னார். சூப்பர்வைசர் அந்த வாசல் சிமெண்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய பதவியை எடுத்துவிட்டு, உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். மனைவிக்குக் கழுத்தில் நரம்பு அழுந்துவதால்தான் விரல் மரக்கிறது, சிகிச்சையில் சரியாகும் என்றார் டாக்டர். கம்பெனி அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை. வைத்துக்கொள்வதாக உறுதியும் சொல்லவில்லை. கை தேறியதும் பார்க்கலாம் என்றது. சூப்பர்வைசர் ‘தவறு’ அழுத்திக் கற்றுக்கொடுத்ததையெல்லாம் இன்ஜினியரம்மா சிஸ்டத்திலிருந்து அழித்தார். லைனில் மறுபடி சிவப்பு எரிந்தது. எரிந்த இடங்களில் நின்றவர்கள், அவரால்தான் தங்கள் வேலைக்கு ஆபத்து என்று, அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மனைவி கழுத்துப்பட்டையோடு வீட்டில் இருக்கிறாள். வேலை முடிந்து வந்ததும் அவர் அவள் இடது கையைத் தன் மடியில் வைத்து, டாக்டர் காட்டியபடி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுகிறார்.

“இது தெரியுதா?”

“தெரியுது.”

“இது?”

அவள் பதில் சொல்லும்வரை அவர் அடுத்த விரலுக்குப் போவதில்லை.